கழுவக் கூடாத ஓடுகள்

அருவியில் தண்ணீர் மிஞ்சி விழுந்தால் முத்துவடிவுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டலில், சீசன் மூன்று மாதமும் பாத்திரம் கழுவுகிறவள் அவள். குளிக்கத் தடை போட்டால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் எச்சில் தட்டு ஏது? அந்த ஆனி மாதத்துப் புதன்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக முதலாளி போன் போட்டுவிட்டார்.

"யம்மா முத்துவடிவு, ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுது. போலீஸ் ஒருத்தரையும் உள்ள விடல. இன்னைக்கு வர வேண்டாம்."

வேலை இல்லை என்றால் அவளுக்குக் கை என்னவோபோல் இருக்கும். பதினெட்டு வருஷமாகத் தண்ணீரிலேயே கிடந்த கை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வடைச் சட்டியாக இருந்தாலும், அடிப்பிடித்த பால் குண்டானாக இருந்தாலும், அவள் கை பட்டால் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிடும். ஓட்டலில் மாஸ்டர்கள் மாறினார்கள், சப்ளையர்கள் மாறினார்கள், முத்துவடிவு மட்டும் மாறவில்லை. பாத்திரம் என்றால் அவள்தான் என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

இலஞ்சியில் அவர்களுக்குச் சொந்தமாகச் சின்ன மாடிவீடு இருந்தது. அவள் புருஷன் மாடக்கண்ணு புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிச் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிற வேன் டிரைவர். புனலூர் லோடு இறக்கிவிட்டு அன்று காலையில்தான் வந்து படுத்திருந்தார். ஒரே மகன் பேச்சிமுத்து பட்டாளத்தில் இருந்தான். அவன் பெண்டாட்டி சண்முகப்பிரியா இவர்களோடுதான் இருந்தாள்.

பிரியா சுந்தரபாண்டியபுரத்துப் பெண். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு என்னவென்று ஊரில் யாராவது கேட்டால், "பழைய பானை ஓட்டை வச்சு என்னமோ எழுதுதா" என்றுதான் முத்துவடிவு சொல்வாள். ஆனைப்பொத்தைக் குன்றின் அடிவாரத்தில் தோண்டியபோது வரிசையாக முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களைப் புதைத்த இடம் அது. தாழிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்னச் சட்டிகளின் ஓடுகள்தான் பிரியாவின் ஆராய்ச்சி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சில நாள் அவளே சொல்வாள். "முன்னெல்லாம் ஓட்டோட கலரு, வடிவம், மேல உள்ள கீறலு, இதைத்தான் அத்தே பாப்பாங்க. இப்ப ஓட்டுக்கு உள்ளயே போயிப் பாக்காங்க. மெலிசா சீவி மைக்ராஸ்கோப்புல வச்சா, உள்ள கெடக்க மணலப் பாத்தே எந்த ஆத்துப் பக்கத்து மண்ணுன்னு சொல்லிருவாங்க. எக்ஸ்ரே விட்டு என்னென்ன உலோகம் இருக்குன்னு சொல்லுவாங்க."

முத்துவடிவு ம் கொட்டிக்கொண்டே அவள் தட்டில் இன்னொரு கரண்டி உளுந்தஞ்சோறு போடுவாள். பாதி காதில் விழும், பாதி விழாது.

அன்றைக்குப் பிரியா முதல் பஸ்ஸுக்கே திருநெல்வேலி போயிருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். மறுநாள் சாயந்தரம் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். நாலு நாளாக அவளுக்கு உள்காய்ச்சல். முந்தின ராத்திரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு வேலையும் முடியல அத்தே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்தாள்.

அது முத்துவடிவு மனசில் கிடந்தது. வீட்டைக் கூட்டும்போது பிரியாவின் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி தட்டுப்பட்டது. திறந்து பார்த்தாள். ஓட்டலில் பரோட்டா மடித்துக் கொடுப்பார்களே, அதே வெள்ளித்தாளில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் நம்பர் எழுதியிருந்தது. ஒன்றைப் பிரித்தாள். உள்ளே இரண்டு ஓடுகள், மண் அப்பியபடி. வெளிப்பக்கத்தில் நல்ல கரி.

'சோத்துச் சட்டி' என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. 'அடுப்புல ஏறின சட்டிதான்.'

பிரியா முன்பு போனில் காட்டின போட்டோவும் ஞாபகம் வந்தது. தோண்டின இடத்தில் பத்துப் பெண்கள் சட்டித் தண்ணீரும் பிரஷுமாக உட்கார்ந்து ஓடு கழுவிக்கொண்டிருந்தார்கள். "பாத்தேளா அத்தே, இங்கயும் உங்க வேலைதான்" என்று அன்றைக்குச் சிரித்தாள் பிரியா. முத்துவடிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைக்குக் கழுவ நேரமில்லை, உடம்புக்கும் முடியவில்லை. முடியாத வேலை என்று சொன்னது இதைத்தான். நமக்கு இது ஒரு வேலையா?

பெட்டியோடு மாடிக்குப் போனாள். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், தேங்காய்நார், பாத்திரம் கழுவுகிற சோப்புக் கட்டி. ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, உடைந்த விளிம்பு கையைக் கிழிக்காமல் பார்த்து, உள்ளும் புறமும் தேய்த்தாள். மண்ணெல்லாம் கரைந்து ஓட, சிவப்பும் கறுப்புமாக ஓடு மினுங்கியது. இரண்டு பொட்டலத்து ஓடுகளில் கரி விடாப்பிடியாக இருந்தது. அதற்கு மட்டும் சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்த்து எடுத்தாள். கழுவினதையெல்லாம் அந்தந்தத் தாளின் மேலேயே வரிசையாக வெயிலில் பரத்தினாள். எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று ஓடு.

கீழே இறங்கி உலையில் அரிசி போட்டிருப்பாள், அவ்வளவுதான். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழுந்தது. தென்காசிப் பக்கத்தில் அதற்கு நேரம் காலம் கிடையாது. ஓட்டமாக ஏறிப்போய், நனையக் கூடாதே என்று எல்லா ஓடுகளையும் இரண்டு கையாலும் வாரிக் கூடையில் போட்டாள். தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் பிரியாவின் போன் வந்தது.

"அத்தே, கையெழுத்து கெடச்சிட்டு. பஸ் ஏறிட்டேன். மேசைக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு பாத்தேளா? மாமா ஏதும் எடுத்துறாம பாத்துக்கோங்க. அதுல கை படவே கூடாது. கழுவாத ஓடு அத்தே. கழுவாம எடுத்து வைக்கணும்னு தோண்டும்போதே குழிக்குள்ள கையுறை போட்டு எடுத்தது. அந்தச் சட்டியில என்ன சமைச்சாங்கன்னு ஓட்டுல ஊறியிருக்க கொழுப்ப வச்சுக் கண்டுபிடிக்கப் போறோம்."

"சரி" என்றாள் முத்துவடிவு.

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். சோறு பொங்கி வழிந்து தீயை அணைத்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை. மாடக்கண்ணு எழுந்து வந்து, "ஏட்டி, என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்று கேட்ட பிறகுதான் அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

மாடக்கண்ணு கூடையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "சவம், மண்ணுதானே போச்சு? குளத்தங்கரையில மண்ணா இல்ல? கொஞ்சம் கொழச்சுத் தேச்சு, பழையபடி தாளுல பொதிஞ்சு வச்சிரு. அவளுக்கு எங்கன தெரியப் போவுது?"

"மெசினுக்குத் தெரியாதா?"

"மெசினு என்ன, சாட்சி சொல்லவா போவுது? அது என்னத்தையாவது காட்டும். அத அந்தப் பிள்ளை எழுதிக்கிடும். இப்ப சொன்னேன்னா, ரெண்டு வருசமா வளத்த உறவு போயிரும் பாத்துக்கோ. பெறகு பட்டாளத்துல கெடக்கவன் காது வரைக்கும் போவும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிரியா வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு சுடுசொல் கிடையாது. பெற்றால்கூட இப்படி ஒரு மகள் கிடைப்பாளா என்று பக்கத்து வீட்டுத் தங்கத்தாயிடம் போன வாரம்தான் சொன்னாள். முத்துவடிவு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். வாழை மூட்டில் குனிந்து ஒரு கை மண் அள்ளினாள். ஈர மண், சோப்புத் தண்ணீர் வாடை அடித்தது. அவள் தினமும் பாத்திரம் கழுவி ஊற்றுகிற இடம்.

கையை உதறினாள்.

"எதுக்கு உதறுத?" என்றார் மாடக்கண்ணு வாசலிலிருந்து.

"நான் போட்ட சோப்பு அந்த மெசின்ல விழும். அந்தக் காலத்துல இதத்தான் தின்னாங்கன்னு இவ நம்பி எழுதிருவா. பின்னால ஒருத்தன் கண்டுபிடிச்சு இவளைப் பொய்க்காரின்னு சொல்லுவான். நம்ம பிள்ளையை அப்படிச் சொல்ல விடவா?"

"அப்ப சொல்லப் போறியா?"

"வீட்டுக்கு வந்து, பெட்டியத் தொறந்து, அவளா பாத்துத் தெரிஞ்சிக்கிடக் கூடாது. நான் போயிச் சொல்லிருதேன்."

குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றாள். சாரல் வருவதும் வெயில் அடிப்பதுமாக இருந்தது. குற்றாலத்துக்கு வந்து குளிக்க முடியாமல் திரும்பிய கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று பத்து விதமாக யோசித்து வைத்தாள். பஸ்ஸிலிருந்து பிரியா இறங்கி, "என்ன அத்தே, மழையில இங்கன வந்து நிக்கிய?" என்று சிரித்ததும் பத்தும் மறந்துபோனது.

"அந்த ஓட்டையெல்லாம் நான் கழுவிட்டேன் தாயி" என்றாள்.

பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. பஸ் ஸ்டாப் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சாரல் வந்துட்டுன்னு ஒண்ணா வாரிக் கூடையில போட்டுட்டேன். தாளு தனி, ஓடு தனி."

"உங்கள யாரு கழுவச் சொன்னா?" குரல் உடைந்து வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எட்டு மாசம் அத்தே! எட்டு மாசம் தொல்லியல் துறைக்கு அலைஞ்சு அனுமதி வாங்கினேன். இனிமே ஒரு ஓடு தர மாட்டாங்க. குழியை மூடியாச்சு. வேற ஓடு கெடையாது."

முத்துவடிவு குடையை அவள் தலைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தார்கள்.

பிரியா கூடையைப் பார்த்தாள், தொடவில்லை. ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்கிற ஜெயசித்ராவுக்குப் போட்டாள். ஜெயசித்ராவுக்கும் பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம்தான். விஷயம் முழுவதையும் அந்தம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, "கழுவினது யாரு? அவங்க பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடு" என்றது குரல்.

முத்துவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் திட்டதுக்குக் கூப்பிடல. நீங்க செஞ்சத அப்படியே எனக்குச் சொல்லணும். தண்ணி பச்சத் தண்ணியா, சுடுதண்ணியா?"

"பச்சத் தண்ணி. குழாத் தண்ணி."

"எவ்வளவு நேரம் தண்ணியில கெடந்துச்சு?"

"ஊறப் போடல. முக்கி எடுத்துத் தேச்சேன். ஒரு ஓட்டுக்கு ஒரு நிமிசம் இருக்கும்."

"சோப்பு?"

"கரி போகாததுக்கு மட்டுந்தான். ரெண்டு பொட்டலம். மிச்சமெல்லாம் வெறும் தண்ணியும் தேங்காநாரும்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"பதினெட்டு வருசமா இதாம்மா வேலை. எதுக்கு சோப்பு போட்டேன், எதுக்குப் போடலன்னு எனக்கு மறக்காது."

"கையில எண்ணெ இருந்துச்சா?"

முத்துவடிவு யோசித்தாள். "விடியக்காலம் தேங்காண்ணெ தடவியிருந்தேன். கை வெடிச்சிருக்கு, அதான்."

அந்தப் பக்கத்தில் பெருமூச்சு விட்டது கேட்டது. ஆனால் அது ஓய்ந்துபோன பெருமூச்சு இல்லை. "பிரியா, கேளு. சமைக்கும்போது கொழுப்பு ஓட்டோட உள்சுவருக்குள்ள எறங்கி, மண்ணோட ஒட்டிக்கிடும். அது தண்ணியில கரையாது. ஒரு நிமிசக் கழுவல்ல உள்ள உள்ளது போயிராது. எப்படியும் நாம மேல் தோலச் சொரண்டித் தள்ளிட்டு, நடுவுல இருந்துதான் தூள் எடுக்கப் போறோம். இப்ப இன்னும் கொஞ்சம் ஆழமாப் போவோம். சோப்புப் போட்டத ஒதுக்கி வையி. மத்ததுல வெளியில இருந்து என்ன ஏறியிருக்குன்னு தெரிஞ்சா, அதக் கழிச்சிட்டு மிச்சத்தப் பாக்கலாம். அதே சோப்பு, அதே நாரு, அதே தண்ணி, அந்த எண்ணெ, எல்லாத்துலயும் சாம்பிள் கொண்டு வா. அவங்க கையில இருந்தும் எடு."

"மேடம், எந்த ஓடு எந்தக் குழின்னே தெரியாம கலந்து கெடக்கு."

"போட்டோ எடுத்திருக்கேல்ல? இன்னைக்கு உக்காந்து ஜோடி சேத்துப் பாரு. சந்தேகமா உள்ளதத் தனியா வச்சிரு, ஆசைப்பட்டுச் சேக்காத. எழுதும்போது நடந்தத மறைக்காம எழுதிரு. கிடைக்கும்னு உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா போச்சுன்னு முடிவு கட்டவும் வேண்டாம்."

போனை வைத்த பிறகு பிரியா முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். "சோறு இருக்கா அத்தே?" என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பொங்கி வழிந்த சோற்றையும் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பையும் முத்துவடிவு கொண்டுவந்து வைத்தாள். மாடக்கண்ணு ஒன்றும் தெரியாதவர்போல வேனைக் கழுவப் போய்விட்டார்.

சாப்பிட்டு எழுந்ததும் கூடத்தில் சுத்தமான தாள் விரித்து ஓடுகளைப் பரத்தினார்கள். பிரியா கையுறை போட்டுக்கொண்டாள், மாமியாருக்கும் ஒரு ஜோடி கொடுத்தாள். மடிக்கணினியில் ஒவ்வொரு போட்டோவாகப் பெரிதாக்கினாள். மண் அப்பிய போட்டோவுக்கும் கழுவின ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. உடைந்த விளிம்பின் நெளிவை வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"இது ஏழாம் நம்பரா, ஒன்பதா?"

"கழுத்து வளைஞ்சு, ஓரத்துல நகம் பதிஞ்ச மாதிரி இருக்குல்லா? இது ரெண்டாவதா பிரிச்ச பொட்டலம். கூட இன்னும் ரெண்டு சில்லு இருந்துச்சு. ஒண்ணுல வேரு ஒட்டியிருந்துச்சு, நகத்தால எடுத்தேன்."

பிரியா போட்டோவைத் தேடினாள். மூன்று சில்லு. ஒன்றில் நூல்மாதிரி வேர். நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். "வேற எது ஞாபகம் இருக்கு?"

சாயந்தரத்துக்குள் பத்தொன்பது ஓடுகள் தங்கள் தாளுக்குத் திரும்பிவிட்டன. சோப்புப் போட்டது அதில் மூன்று. நாலு ஓடுகள் எந்தப் போட்டோவோடும் ஒட்டவில்லை. இரண்டு பேரும் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முத்துவடிவு ஒன்றை எடுத்து, "இது அஞ்சாம் நம்பர்னுதான் நெனைக்கேன்" என்றாள்.

"உறுதியாவா?"

அவள் யோசித்தாள். "இல்ல."

"அப்ப வேண்டாம்."

கரி போன ஓடுகளைப் பிரியா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தக் கரிய வச்சுக் காலம் பாக்கலாம்னு இருந்தோம்" என்றாள் மெதுவாக. "சரி, குழியில கெடச்ச அடுப்புக்கரி தனியா இருக்கு. அதுல பாத்துக்கிடலாம்."

கடைசியாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் குழாய்த் தண்ணீரும், சோப்புத் துண்டும், நாரும், தேங்காயெண்ணெயும் எடுத்தாகிவிட்டது. பிரியா ஒரு பஞ்சை மருந்தில் நனைத்து, "கையைக் காட்டுங்க அத்தே" என்றாள். முத்துவடிவு கூச்சத்தோடு உள்ளங்கையை நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சோப்பு தின்று வெளுத்துப்போயிருந்தது. ரேகை தேய்ந்து ரேஷன் கடை மெஷின்கூட இரண்டு முறை மறுத்த கை அது. பிரியா ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் துடைத்தாள்.

"எரியுதா?"

"இல்ல."

"பஸ் ஸ்டாப்புல கத்திட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"நீ கத்தாம இருந்திருந்தாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும்" என்றாள் முத்துவடிவு. பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கியது.

மறுநாள் சாயந்தரம் மாடக்கண்ணு தன் வேனிலேயே அவளைத் தென்காசி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து ஓட்டுங்கள் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள் முத்துவடிவு.

நாலு வாரம் ஒரு தகவலும் இல்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பிரியா பேசுவாள். சாப்பாடு, காய்ச்சல், குளிர் எல்லாம் பேசுவாள், ஓட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். முத்துவடிவும் கேட்க மாட்டாள். ஓட்டலில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். சீசன் உச்சத்தில் இருந்தது. அருவியில் இடமில்லாமல் ஜனம் வரிசையில் நின்றது. தட்டு மலைமாதிரிக் குவிந்தது.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் அடித்தது. ராத்திரி எட்டு மணிக்கு வர வேண்டிய போன். முத்துவடிவு கையிலிருந்த தட்டைத் தொட்டியிலேயே போட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"அத்தே! வந்துட்டு அத்தே!"

"என்ன தாயி வந்துட்டு?"

"கொழுப்பு! பதினாறு ஓட்டுல ஆறுல நல்லாத் தெரியுது. பழைய கொழுப்புதான், மூணு தடவ சரி பாத்தாச்சு. உங்க சோப்பு தனியா, உங்க தேங்காண்ணெ தனியாத் தெரியுது. அத ரெண்டையும் கழிச்சுட்டுப் பாத்தாலும் உள்ளது அப்படியே இருக்கு. ஜெயசித்ரா மேடம் சந்தோசத்துல எனக்குக் கேசரி வாங்கிக் குடுத்தாங்க!"

முத்துவடிவு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"என்ன கொழுப்பாம்?"

"ஆடு, மாடு வகைக் கொழுப்பு. பாலு இல்ல, கறி. ஆடா மாடான்னு பிரிச்சுச் சொல்ல முடியல."

"அப்ப செத்தவங்களுக்குக் கறி ஆக்கி வச்சிருக்காங்க."

"வச்ச அன்னைக்கு ஆக்கினது மட்டும் இல்ல அத்தே. இவ்ளோ ஊறியிருக்குன்னா, வீட்டுல வருசக்கணக்கா புழங்கின சட்டி. அதையே கொண்டு போயி வச்சிருக்காங்க."

சப்ளையர் ஒருவன் வந்து, "யக்கா, தட்டு இல்ல, தட்டு இல்ல!" என்று கத்தினான். முத்துவடிவு அவனைக் கையமர்த்தினாள்.

"ஏளா, ஒண்ணு கேக்கேன். வருசக்கணக்கா புழங்கியிருந்தா, அவ தெனமும் கழுவியிருப்பாள்லா?"

"யாரு?"

"அந்தச் சட்டிக்காரி."

"கழுவாமயா இருந்திருப்பா? தெனமும்தான் கழுவியிருப்பா."

"அவ கழுவியும் போகல, நான் கழுவியும் போகல."

அந்தப் பக்கம் பிரியா சிரிக்க ஆரம்பித்தாள். இங்கே முத்துவடிவுக்கும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இட்லிச் சட்டி மேலிருந்து சறுக்கி விழப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். மாஸ்டர் அடுப்பை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அந்தத் தொட்டிப் பக்கத்திலிருந்து அப்படியொரு சிரிப்பை அந்த ஓட்டலில் ஒருவரும் கேட்டதில்லை.